தாய்ப்பாலில் ரோட்டா வைரஸ் எதிர்ப்பொருளை அளந்த அனுபவம்

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளப்பது எனக்குப் பழகிய வேலை. ஓர் ஆய்வுக்காகத் தாய்மார்களின் ரத்தத்தோடு தாய்ப்பாலையும் அளக்க வேண்டும் என்று வந்தபோது, இருக்கிற முறையே போதும் என்றார்கள் கூட இருந்தவர்கள். எனக்குப் பாலை நினைத்தால் கொஞ்சம் பயம்தான்.

ரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையவிட்டு, சுழற்றி, சீரத்தைப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் முடிந்தது.

பால் அப்படி எளிதில் அடங்காது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகவிட்டால் கொழுப்பு திட்டுத் திட்டாக மிதக்கும். அப்படியே பைப்பெட்டில் இழுத்தால் நுனி அடைத்துக்கொள்ளும். பத்து மைக்ரோலிட்டர் என்று இழுத்ததில் உண்மையில் எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் குளிர்ச்சியிலேயே சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றினோம். மேலே வெண்ணெய் போல ஒரு படலம், நடுவில் லேசாக நீலம் பாய்ந்த வெளிறிய திரவம், அடியில் செல்களின் வண்டல். வேண்டியது நடுவில் இருப்பது. குழாயைச் சாய்த்து, படலத்தின் ஓரமாக நுனியை உள்ளே விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். கொழுப்பு ஒட்டிய நுனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது நுனியால்தான் அளந்து ஊற்றுவேன். பிரித்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பங்கிட்டு வைத்துவிட்டால், திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை.

அளப்பது எலைசா முறையில்; எதிர்ப்பொருள் எவ்வளவு என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டும் சோதனை அது. அதற்கான தட்டின் குழிகளில் முதலில் வைரஸைப் பிடித்து வைக்கும் எதிர்ப்பொருளைப் பூசுவோம். பாதிக் குழிகளில் வைரஸ் வளர்ந்த செல்களின் கரைசல், மீதியில் வைரஸே இல்லாத அதே வகைச் செல்களின் கரைசல். மாதிரியை இரண்டிலும் ஊற்றி, இரண்டாவதில் வருவதை முதலாவதிலிருந்து கழிப்போம். பாலில் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் ஏராளம். இந்தக் கழித்தல் இல்லாமல் வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன்.

தட்டில் மிச்சமிருக்கும் இடத்தில் வேறெதுவும் ஒட்டாமல் அடைக்கப் பல ஆய்வகங்கள் பால்பவுடர் கரைசலைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் மாட்டுக்கும் ரோட்டா வைரஸ் வரும்; அதன் பாலிலும் எதிர்ப்பொருள் இருக்கலாம். தாய்ப்பாலை அளக்கிற தட்டில் மாட்டுப்பாலை ஊற்றுவதா என்று எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டையே நடந்தது. அதற்குப் பதில் ஆல்புமின் என்ற புரதத்தால் அடைக்கலாம் என்பது என் கட்சி. ஆல்புமினே ஜெயித்தது.

கடைசியில் நிறம் தரும் கரைசலை ஊற்றினால் நீலம் வரும்; அமிலம் விட்டதும் அது மஞ்சளாகும், அதன் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் எண்ணாகப் படிக்கலாம். அதுவரை சரி. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் தலைவலி. நாங்கள் அளந்தது ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை. ரத்தத்தில் அது பெரும்பாலும் ஒற்றை மூலக்கூறாக இருக்கும். பாலில் இரண்டு சேர்ந்து, கூடவே சுரப்புத் துண்டு என்ற புரதமும் ஒட்டியிருக்கும். சீரத்தை வைத்து வரைந்த அளவீட்டு வளைவில் பாலின் எண்ணைப் படித்தால் அது வெறும் தோராயம். அதனால் பல தாய்மார்களின் பாலைக் கலந்து, பாலுக்கென்று தனி ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் மாதிரி, தயாரித்தோம்.

இன்னொன்று, பால் நாளுக்கு நாள் மாறும். சீம்பாலில் ஐஜிஏ கொட்டிக் கிடக்கும். அப்புறம் மளமளவென்று குறையும். பிரசவமான மூன்றாம் நாள் கொடுத்த தாயையும் ஆறாம் வாரம் கொடுத்த தாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அநியாயம். ஒவ்வொரு பாலிலும் மொத்த ஐஜிஏவையும் அளந்து, அதில் ரோட்டாவுக்கானது எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டோம். வேலை இரட்டிப்பானது, ஆனால் இதை விட்டிருந்தால் அட்டவணைக்கே மதிப்பில்லை.

ரத்தத்தில் அதிகம் இருந்தால் பாலிலும் அதிகம் இருக்குமே என்று பலர் கேட்டார்கள். சிலரிடம் ஒத்துப்போனது, சிலரிடம் இல்லை. அதில் ஆச்சரியம் இல்லை. பாலின் ஐஜிஏ ரத்தத்திலிருந்து அப்படியே வடிந்து வருவதல்ல. குடலில் வைரஸைச் சந்தித்த செல்கள் மார்பகத்துக்குக் குடிபெயர்ந்து, பெரும்பகுதியை அங்கேயே தயாரிக்கின்றன.

ஆய்வகத்தில் வளர்க்கும் எம்ஏ104 என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸை விட்டு, பால் அதைத் தடுக்கிறதா என்றும் பார்த்தோம். தடுத்தது. ஆனால் லாக்டட்ஹெரின் போல எதிர்ப்பொருளே அல்லாத பால் புரதங்களும் ரோட்டாவைத் தடுக்கக்கூடியவை. அதனால் அந்த எண்ணை எலைசா எண்ணோடு கலக்காமல் தனிப் பத்தியில் போட்டோம். ஐஜிஏவை நீக்கிவிட்டு அதே பாலை மறுபடி செல்களில் விட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.