வியாழனுக்கு இரண்டே முக்கோணம்

வியாழன் கோளை வரைய மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய குவாட்ட்ரீயை (கிட்டே போகப் போக பரப்பைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கும் முறை) நேற்று ராத்திரி மொத்தமாக அழித்துவிட்டேன். நான் செய்யும் கணினி விளையாட்டில் யாரும் வியாழனில் இறங்கப் போவதில்லை; இறங்க அங்கே தரையும் இல்லை. சுற்றுப்பாதையில் கப்பல்களை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போய் ஆறு முகக் கனசதுரத்தைக் கட்டி, கோளமாக உப்பவைத்து, முகங்களுக்கு நடுவே ஒட்டு தெரியாமல் மறைக்கப் போராடிக்கொண்டிருந்தேன்.

சாதாரணக் கோளமும் உதவவில்லை. சுற்றிலும் 64 நேர்த்துண்டுகளால் ஆன கோளத்தை வியாழன் அளவுக்கு, அதாவது 71,492 கி.மீ. ஆரத்துக்கு ஊதினால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் விளிம்பு 86 கி.மீ. உள்வாங்கிவிடுகிறது. 500 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் மூலை மூலையாகத் தெரியும்.

அதனால் ஒரே ஒரு சதுரம், அதாவது இரண்டே முக்கோணம்; அதைக் கோளமாகக் காட்டும் மீதி வேலை எல்லாம் ஷேடரில் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்). இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அந்தச் சதுரத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கு நான்கு நாள் போனது. முதலில் கோளின் மையத்தில் வைத்தேன். அடிவானத்துக்கு அந்தப்புறம் போய் மறைய வேண்டிய சரக்குக் கப்பல், மேகத்துக்கு முன்னால் ஜம்மென்று மிதந்தது. மையத்தைவிடக் கப்பல் கேமராவுக்கு அருகில் இருக்கிறதே, பின்னே எப்படி மறையும்? ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்கிற டெப்த்தை ஷேடரிலேயே எழுதலாம்தான், ஆனால் என் பழைய லேப்டாப் அதற்கு முனகுகிறது.

கடைசியில் கரண்ட் பில்லின் பின்பக்கம் வட்டம் போட்டுத் தொடுகோடு வரைந்து பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு! தொடுகோடுகள் கோளைத் தொடும் வட்டம் எந்தத் தளத்தில் இருக்கிறதோ, அங்கேதான் சதுரம் நிற்க வேண்டும். மையம் வரை தூரம் த, ஆரம் ஆ என்றால், கேமராவிலிருந்து (த² − ஆ²) ÷ த. 500 கி.மீ. உயரத்தில் இது சுமார் 1,000 கி.மீ. வருகிறது, மையமோ 71,992 கி.மீ. தள்ளி. கோளின் வட்டத்துக்குள் தெரிகிற எந்தக் கப்பலும் இந்தத் தளத்துக்கு முன்னால் இருந்தால் தெரியும், பின்னால் இருந்தால் மறையும். டெப்த் எழுதவே வேண்டாம். கோளின் விளிம்பும் சதுரத்துக்குள் கச்சிதமான வட்டமாகவே விழுகிறது. சதுரம் திரையைப் பார்க்காமல் கோளின் மையத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், கேமராவைத் திருப்பினால் வியாழன் முட்டையாக நீண்டது.

வியாழன் நிஜமாகவே கொஞ்சம் முட்டைதான். துருவ ஆரம் 66,854 கி.மீ. மட்டுமே. வெளியை உயரவாக்கில் இழுத்து, கோளமாக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் 0.935-ஆல் பெருக்கித் திரும்ப அமுக்கினேன்.

கப்பல் நடுக்கம் தனிக் கதை. மையத்திலிருந்து மீட்டரில் அளந்தால், வியாழன் தூரத்தில் 32 பிட் ஃப்ளோட் (கணினி தசம எண்ணை வைத்துக்கொள்ளும் வடிவம்) 8 மீட்டர் படியாகத் தாவுகிறது. கெட்டிக்காரத்தனமாகக் கிலோமீட்டருக்கு மாற்றினேன்: 7.8 மீட்டர்! நான் பயன்படுத்தும் கோடாட் விளையாட்டு எஞ்சினின் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் ஃப்ளோட் 64 பிட் ஆச்சே என்று தைரியமாக இருந்தேன். ஆனால் கோடாட்டின் வெக்டர்3-க்குள் (ஓர் இடத்தின் மூன்று எண்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி) போட்ட அடுத்த நொடி அது 32 ஆகிவிடுகிறது. இப்போது மூன்று எண்களாகவே வைத்திருந்து, கேமராவின் இடத்தைக் கழித்த பிறகுதான் வெக்டருக்குள் போடுகிறேன்.

மேகப் படத்துக்கு ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பில் இடது ஓரமும் வலது ஓரமும் பொருந்தவே இல்லை. தண்டம். காசினி விண்கலம் 2000 டிசம்பரில் எடுத்த படங்களிலிருந்து நாசா செய்த வரைபடம் இலவசம்; சிவப்புப் புள்ளி அழகாக இருக்கிறது. கிட்டே போனால் மங்கல்தான், அதில் ஒரு பிக்சலே நூறு கி.மீ.க்கு மேல். மேலே இரைச்சல் (தாறுமாறான நுண்புள்ளிகள்) தூவ வேண்டும்.

அதை முடிக்காமலே சனி வளையத்தைத் தொட்டுவிட்டேன். வளையத்தில் பாதி கோளுக்கு முன்னால், பாதி பின்னால். ஆனால் தொடுகோட்டுத் தளம் அங்கேயும் சரியாகவே வெட்டுகிறது. கோளின் நிழல் வளையத்தில் விழுவதுதான் இன்னும் பாக்கி.