மணியோடு அம்பைக்கு

இந்த லீவுக்கு எங்கள் நாய் மணியையும் அம்பாசமுத்திரம் கூட்டி வந்துவிட்டோம். சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் முதல் வகுப்பில் தனி அறை கிடைத்தால்தான் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முடியும், கிடைக்கவில்லை, சரி என்று காரிலேயே கிளம்பி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டினோம்.

ஃபிளாட் தரையிலேயே வளர்ந்தவன். தாமிரபரணி படித்துறையில் முன்காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அப்புறம் தொப்பென்று இறங்கிவிட்டான்! வயல் வரப்பில் சுற்றிவிட்டு வந்ததும், நாயை வாசல்படி ஏறவிடாத எங்கள் ஆச்சி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் விரலிடுக்கில் உண்ணி தேடினார்கள்.

நாயோடு வருகிறவர்கள் பாபநாசத்துக்கு மேலே போகாதீர்கள், புலிகள் காப்பகம், அனுமதி கிடையாது. வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம் போட்டிருங்கள்.

இப்போது வீட்டு முன்கூடமான தார்சாவில், ஆச்சி கட்டிலுக்கடியில் தூங்குகிறான்.