மழையில் ஒரு தடவை வந்து பாருங்கள்

வீடும் நிலமும் வாங்கி விற்றுக் கொடுப்பது என் தொழில். ஆரம்பத்தில் வாடகை வீடுகள்தான். சாவிக்கொத்தும் கையுமாக மாடி ஏறி இறங்கிய காலம் அது. அப்புறம் விற்பனைக்கு வந்தபோது பத்திரம் படிக்கப் பழகினேன். யார் பெயரில் இருக்கிறது, அடமானம் ஏதும் உண்டா, உள்ளே போகிற பாதை யாருடையது என்று பார்க்க வேண்டும். கிராமப்புறத்தில் அந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைதான் என்பார்கள்; எழுத்தில் இல்லையென்றால் ஒருநாள் குறுக்கே வேலி வந்துவிடும்.

இப்போது பெரும்பாலும் பண்ணை வீடுகளும் தோட்டங்களும்தான் பார்க்கிறேன். விரும்பிக் கேட்டு வாங்கிய வேலை. விடுமுறை கிடைத்தால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வயலோரம் நடக்கக் கிளம்பிவிடுவேன். அந்த நடைதான் எனக்கு நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. கோடையில் தரை காய்ந்து கிடந்தாலும், கோரை மண்டியிருக்கிற இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. மேலே பெயிண்ட் அடித்தாலும் ஈரம் போகாது.

ஒரு பழைய தானியக் கிடங்கைக் காட்டப் போனபோது, உத்தரத்துக்கு நேர் கீழே கறுப்பாக, காய்ந்த உருண்டைகள் கிடந்தன. வாங்க வந்தவர் முகம் சுளித்தார். ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். ரோமத்துக்குள் குட்டி மண்டையோடு, ஊசி மாதிரி எலும்புகள், ஆரஞ்சு நிற எலிப்பல். கூகை என்கிற ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும். தோட்டத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்காது என்றேன். கூரையைப் பிரிக்கும் முன் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது பறக்கும்வரை பொறுங்கள், புதுக் கூரையிலும் ஒரு திறப்பு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார். அந்த விற்பனையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கமிஷனில் வந்ததில்லை.

வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் மழை பெய்யும்போது ஒரு தடவை வரச் சொல்கிறேன். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, பக்கத்து நிலத்து வெள்ளம் எந்த வழியாக இறங்குகிறது என்று நேரிலேயே தெரிந்துவிடும். முடிந்தால் இருட்டிய பிறகும் வாருங்கள். பகலில் கேட்காத நெடுஞ்சாலை இரைச்சல் அப்போது வாசல்வரை கேட்கும்.