மூன்று வாரம் என்னைச் சுற்றவிட்ட ‘கொத்தா’

ஸ்பானிஷ் காதுக்குப் பழக, நான் கேட்டுக் கேட்டு எழுதிவரும் காணொளித் துண்டில் ஒரு வழியாக முதல் 2 நிமிடம் 10 விநாடி முடிந்தது. மொத்தத் துண்டே 2 நிமிடம் 50 விநாடிதான். இதற்குப் போய் மூன்று வாரமா என்று கேட்பவர்கள் கொலம்பியாவின் கரீபியக் கரைப் பேச்சை ஒருமுறை கேட்டுவிட்டு வரவும்.

போன பதிவில் ‘இடைநிலைச் சேற்றில் கால் புதைந்துவிட்டது’ என்று புலம்பியிருந்தேன். படித்தால் புரிகிறது, மெதுவாகப் பேசினால் புரிகிறது. இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஒன்றும் ஏறுவதில்லை. ட்ரீமிங் ஸ்பானிஷ் என்ற காணொளித் தளத்தின் கணக்கில் 410 மணி நேரம் ஓடியிருக்கிறது. ரேடியோ அம்புலான்தே என்ற ஸ்பானிஷ் பாட்காஸ்ட்டை எழுத்து வடிவத்தோடு கேட்டால் முக்கால்வாசி பிடிபடும். எழுத்தை மூடிவிட்டால் பாதி. அதோடு, உண்மையைச் சொன்னால் அலுத்துப் போய்விட்டது. மாட்ரிட்டில் வீட்டு வாடகை ஏறினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எனக்கென்ன?

அப்போதுதான் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். நான் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்). நாள் முழுக்க எடைச்சீட்டு, குலைக் கணக்கு, உரக் கணக்கு. செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியா, நாம், தாய்லாந்து, அதற்கடுத்து கொலம்பியா. லத்தீன் அமெரிக்காவில் அவர்கள்தான் முதலிடம். அப்படியானால் அங்கேயும் என்னைப் போல் ஒருவன் குலை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும் அல்லவா? ‘பால்மா தே அசேய்தே’ (செம்பனை) என்று யூடியூபில் தட்டினேன். கொட்டியது. நாற்றுப்பண்ணை, அறுவடை, எருமை வண்டியில் குலை ஏற்றுவது, ஆலை, எல்லாம் ஸ்பானிஷில். சலிப்பு போன இடம் தெரியவில்லை. குலை அங்கே ‘றசீமோ’, நாற்றுப்பண்ணை ‘விவேரோ’. உயர மரத்தில் குலை வெட்டும் நீளக்கம்பு அரிவாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘குச்சீயோ மலாயோ’, மலாயாக் கத்தி! அதைக் கேட்ட அன்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்துப்போன காணொளி, கார்த்தஹேனாவுக்குத் தெற்கே மரியா லா பாஹா பக்கத்தில் எடுத்தது. ஓர் அறுவடைக்காரர் மரத்தடியில் நின்று புது ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார். நான் தேர்ந்தெடுத்ததே ஸ்பானிஷ் படிப்பவர்கள் தலைதெறிக்க ஓடும் பேச்சு என்பது அப்போது தெரியாது. மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ‘ஸ்’ மூச்சுக் காற்றாகிவிடும், கடைசியில் வந்தால் காணாமலே போகும். ‘கன்சாதோ’ என்ற சொல் ‘கன்சாவ்’ ஆகிவிடும். இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதைதான். ‘ஸ்’ஸுக்கு மட்டும் என் குறிப்பேட்டில் ஆய்த எழுத்தைப் போட்டேன்: ‘எஸ்தா’வை ‘எஃதா’ என்று. ஆறாம் வகுப்பை விட்டு வந்த பிறகு ஆய்தத்துக்கு நான் கொடுத்த முதல் உருப்படியான வேலை இதுதான்.

என் முறை இப்படி: துண்டை ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வெட்டி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் முக்காலாகக் குறைத்து, கைப்பேசியில் ஏற்றி, விஎல்சி பிளேயரில் நாலைந்து விநாடியாகச் சுழலவிட்டு, காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவது. ரோமன் எழுத்தில் எழுதினால் கை தானாக அகராதிச் சொல்லை எழுதிவிடும், கேட்டதை எழுதாது. தமிழில் அந்த வசதி இல்லை, அதனால் பொய் சொல்ல முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1:32இல் அவர் ‘...நோ சே கொத்தா’ என்றார். கொத்தா. தெளிவாக, அழுத்தமாக, நம் ஊர்க் கொத்து மாதிரி. அகராதியில் தேடினால் ‘கோத்தா’ என்று ஒன்று இருக்கிறது, கவசச் சட்டை, மட்ட உயரம் என்றெல்லாம் பொருள். செம்பனைக்கும் கவசத்துக்கும் என்ன சம்பந்தம்? குலைக்கு அந்த ஊர்க் கொச்சைப் பெயராக இருக்கும் என்று முடிவுகட்டி, குறிப்பேட்டில் ‘கொத்தா = குலை (?)’ என்று எழுதியும் வைத்தேன். பத்து நாள் அந்த அபத்தத்தோடு வாழ்ந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. முதலில் பால்மரம் (ரப்பர்), பிறகு செம்பனை. அன்று இயர்போன் தகராறு செய்ததால் காணொளியைப் படத்தோடு, சத்தமாக ஓடவிட்டிருந்தேன். அப்பா கோப்பி ஓவோடு (பால் விடாத கோப்பி) வந்து பின்னால் நின்றார்.

“பழம் உதிராத குலையைத் தொடாதன்னு சொல்றான்.”

“அப்பா, உங்களுக்கு எப்படி ஸ்பானிஷ்...”

“ஸ்பானிஷும் இல்ல, ஒன்னும் இல்ல. கீழ காட்டுறான் பாரு. உதிர்ந்த பழம் ஒன்னுகூட இல்ல. பச்சை. பச்சையை வெட்டுனா உன் ஆபீஸ்லதானே சம்பளத்துல பிடிப்பீங்க?”

பத்து நாளாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். படத்தை முதல் நாளோடு மறந்துவிட்டேன். ‘வெட்டக் கூடாது’ என்று அப்பா சொன்ன பொருளை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டேன். நோ சே கொத்தா. நோ சே கொர்த்தா. வெட்டுவதில்லை! ‘கொர்த்தார்’ என்ற வினைச்சொல் முதல் மாதத்திலேயே படித்ததாயிற்றே.

கார்த்தஹேனா வட்டாரத்தில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ர, ல கரைந்து, அடுத்த மெய் இரட்டிக்கும். கதவுக்கு ‘புஎர்த்தா’ இல்லை, ‘புஎத்தா’. ஊர்ப் பெயரே ‘காத்தஹேனா’. இதை எங்கோ படித்தும் இருக்கிறேன், ஆனால் காதுக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் நாம் தினமும் செய்வது அதுதான். பார்த்தேன் என்று எழுதுகிறோம், பாத்தேன் என்று சொல்கிறோம். சேர்த்து, சேத்து. எவனாவது வெள்ளைக்காரன் தமிழ் படிக்க வந்து, அகராதியில் ‘பாத்தேன்’ தேடினால் எப்படி இருக்கும்? அந்த வெள்ளைக்காரன் நான்தான்.

அப்புறம் ஏன் என் காது அந்த இரட்டிப்பைக் கேட்டும் கண்டுகொள்ளவில்லை? இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். குற்றவாளி என் குறிப்பேடு. தமிழில் ஒற்றைக் க, த, ப சொல்லின் நடுவே வந்தால் மெலிந்துவிடும். அது ஒரு விதத்தில் வரப்பிரசாதம்: ‘தோதோ’ என்று எழுதிப் படித்தால் முதல் த வல்லொலி, இரண்டாவது மெல்லியது, ஸ்பானிஷ்காரன் வாயில் வருவது அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் அந்த மெல்லிய த-வுக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள், நமக்கு ‘அது’ சொல்லத் தெரிந்தால் போதும். ஆனால் ‘கொஞ்சம்’ என்பதற்கான சொல்லில் நடுவில் வருவது வலிய க, அதுவும் ஒற்றை. அதைத் தமிழில் எழுத வேறு வழி இல்லாமல் ‘பொக்கோ’ என்று போட்டு வந்தேன். ஐந்து மாதமாக வலிய ஒற்றை எல்லாவற்றையும் இரட்டையாக எழுதியதில், நிஜமான இரட்டை வந்தபோது அதை எழுத என்னிடம் எதுவுமே மிச்சமில்லை. பேசும்போதும் அதே வியாதி. ‘பொக்கோ’ என்று க்-கை அழுத்தி, வாக்கியத்தையே தட்டுத் தட்டாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது புது ஏற்பாடு. வலிய ஒற்றைக்கு எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு. இரட்டை எழுத்து, நிஜமாகவே இரட்டித்தால் மட்டும். பழைய 90 விநாடியையும் திரும்ப எழுதினேன். உடனே ‘வெத்தே’ என்று எழுதியிருந்த இன்னொரு அநாதை வார்த்தையும் வீடு சேர்ந்தது. ‘வேர்தே’, பச்சை. (அங்கே த மெல்லியதுதான், ஆனாலும் இரட்டை. அதற்கு என்ன குறி போடுவது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.) அந்த வாக்கியம் முழுதாக: பச்சையாக இருந்தால் வெட்டக் கூடாது. அப்பா சொன்னதேதான்.

ர, ற விஷயத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன், திரும்ப வேண்டாம். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். தமிழ்ப்பள்ளியில் மரம், மறம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அடித்த அடி இப்போது பலன் தருகிறது.

இயர்போன் தகராறு என்றேனே. இணையக் கடை ஒன்றில் 89 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எலும்பு வழியாகக் கேட்கும் இயர்போன் வாங்கினேன், மோட்டாரில் போகும்போது காதை அடைக்காமல் கேட்கலாம் என்று. மூன்றாவது வாரமே சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் முதல் நாள் ‘சரி பாஸ்’ என்றார், அத்தோடு சரி. இப்போது பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 12 வெள்ளிக்கு வாங்கிய கம்பி இயர்போன்தான். பாஸ் (அடித்தொனி) சத்தம் குறைவு என்று கடைக்காரப் பையன் வருத்தப்பட்டான். தம்பி, எனக்கு அதுதான் வேண்டும். ஆய்த மூச்சு அதில்தான் தெளிவாகக் கேட்கிறது.

பேச்சுப் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. மொழிப் பரிமாற்றச் செயலி ஒன்றில் அதே கரையைச் சேர்ந்த ஒருவர் கிடைத்தார். செம்பனைத் தோட்டக் கணக்கர், 58 வயது, மகளுக்காக ஆங்கிலம் படிக்கிறார். நமக்குச் சனிக்கிழமை காலை 6.30 என்றால் அவருக்கு வெள்ளி மாலை 5.30. அவர்களும் நம்மைப் போல் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, அதனால் குழப்பம் இல்லை. முதல் நாள் அவர் ‘தின்தோ’ குடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னதும், வேலை முடிந்து ஒயினா, நடக்கட்டும் என்று நினைத்தேன். கொலம்பியாவில் அது வெறும் கோப்பி ஓ. வயதில் மூத்தவர் என்று ‘உஸ்தேத்’ (நீங்கள்) போட்டே பேசினேன். கரைப்பக்கம் எல்லோரும் ‘தூ’ (நீ) தானாம். “நான் என்ன அவ்வளவு கிழவனா?” என்று கேட்டார். வாய் வரவில்லை. அப்பா வயதுக்காரரை நீ என்று எப்படிக் கூப்பிடுவது? மூன்று வாரம் வினைமுற்றில் ‘தூ’வும், மரியாதை தேவைப்படும் இடத்தில் ‘உஸ்தேத்’துமாகக் கலந்தடித்தேன்.

அழைப்புக்கு முந்தைய நாள் ஒரே கதையை 4 நிமிடத்தில் சொல்லி, திரும்ப 3 நிமிடத்தில், திரும்ப 2 நிமிடத்தில் சொல்வேன். மோட்டாரில் போகும்போதுதான். ஹெல்மெட்டுக்குள் என்ன பேசினாலும் யாருக்கும் தெரியாது, சிவப்பு விளக்கில் தவிர. இரண்டாவது சுற்றில் நாக்கு இளகுவது நன்றாகவே தெரிகிறது. இலக்கணம் சில இடங்களில் நமக்குச் சொந்தக்காரன் மாதிரி வந்து நிற்பதும் உதவுகிறது. எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு மறந்துபோச்சு, மூன்றும் அங்கேயும் ‘எனக்கு’ தான். ‘நான் மறந்தேன்’ என்று பழியை ஏற்றுக்கொள்ளாமல் ‘சே மே ஓல்விதோ’ என்று நழுவும் கலை தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை 25 நிமிடம் ஆங்கிலம் கலக்காமல் பேசினேன். கொத்தா கதையைத்தான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அப்பா வந்து எட்டிப் பார்த்து, “யாருடா அது, காலங்காத்தால?” என்றார். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து ‘புத்ரிசியோன் தெல் கொகோயோ’, குருத்தழுகல் நோய், அதைப் பற்றிய ஒரு விளக்கக் காணொளி வைத்திருக்கிறேன். நமக்கு கனோடெர்மா என்ற அடித்தண்டு அழுகல் நோய் எப்படியோ அவர்களுக்கு அது. பேசுபவர் பொகோத்தாக்காரர், ஒவ்வொரு ‘ஸ்’ஸும் மணி மணியாக விழுகிறது, விடுமுறைக்குப் போவது போல இருக்கும். பேச்சைப் பதிவுசெய்து கேட்க ஒரு சட்டை மைக் தேடுகிறேன். ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் பழையது கிடைக்குமா பார்க்க வேண்டும். புதிது வாங்கினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தக் கடைசி 40 விநாடி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. காற்று, எருமை, பின்னால் ஒரு டிராக்டர், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இரண்டு ஆய்தமும் ஒரு ‘லா பால்மா’வும் மட்டும் தேறியது. புதன்கிழமை அந்தத் துண்டைச் சனிக்கிழமைக் கணக்கருக்கே அனுப்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ‘அஓரீத்தா’ கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டார். அகராதிப்படி அதற்கு ‘இப்போதே’ என்று பொருள். நாம் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்கிற அதே இப்போதே. இன்று ஞாயிறு.