குக்ரியின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்

நான் என்ஜின் பிரிவில் வேலை பார்த்த கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். குக்ரி. 1989இல் கடற்படையில் சேர்ந்த ஏவுகணைக் கப்பல் அது. அந்தப் பெயர் அதற்கு முன்பு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு இருந்தது. பாகிஸ்தானுடன் போர் நடந்த 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் அந்தக் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு போரில் நாம் இழந்த ஒரே போர்க்கப்பல் அதுதான்.

அந்தப் பெயரைத் தாங்கிய கப்பலில் வேலை செய்யும்போது பழைய கதை தானாகவே காதில் விழுந்துகொண்டிருக்கும். பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கியைத் தேடி பழைய குக்ரியும் அதன் துணைக்கப்பல் கிர்பானும் மும்பையிலிருந்து அனுப்பப்பட்டன. ஹாங்கோர் பிரான்சில் கட்டியது; அதன் சோனாருக்கு, அதாவது ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவிக்கு, நம் கப்பல்களுடையதைவிட அதிகத் தூரம் எட்டும். நம் சோனாரின் எல்லையைக் கூட்ட குக்ரியில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதற்காகக் கப்பல் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. என்ஜின் ஆளுக்கு இது எளிதில் புரியும்: வேகம் கூடினால் நம் இரைச்சலே நம் காதை அடைத்துவிடும். ஆனால் மெதுவாகப் போகிற கப்பலைக் குறிவைப்பது நீர்மூழ்கிக்கும் சுலபம். ஹாங்கோரின் முதல் டார்பிடோ கிர்பானுக்குக் கீழே வெடிக்காமல் போய்விட்டது. அடுத்தது குக்ரியைத் தாக்கியது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது.

மெதுவாகப் போனது யார் தவறு என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், குறைந்த தூரமே கேட்கும் காதோடு அந்த வேட்டைக்கு அனுப்பியபோதே பாதி ஆபத்து வந்துவிட்டது. கடலில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் போராடினார்கள்.

பழைய குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அவரை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். ஆனால் பேச்சு பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. கீழே பாய்லர் பக்கம் வாட்ச்சில் (முறைப் பணியில்) நின்றவர்கள், சமையல் அறையில் இருந்தவர்கள், வாட்ச் முடிந்து மெஸ்ஸில், அதாவது மாலுமிகள் தங்கும் இடத்தில், படுத்திருந்தவர்கள் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கண்ணைக் கட்டிவிடுவார்கள். என்ஜின் ரூமிலிருந்து தடவித் தடவியே மேல்தளத்துக்கு வந்து சேர வேண்டும். சீஃப் ஒருவர், திருநெல்வேலிக்காரர், புதிதாக வருகிற பையன்களிடம் சொல்வார்: “தம்பி, லைட் எரியும்போதே கை வைக்கிற இடத்தைப் பழகிக்கோ. இருட்டுல யோசிக்க நேரம் கிடைக்காது.” நேராக நிற்கும் கப்பலிலேயே அந்த ஏணியும், தளத்துக்குத் தளம் ஏறும் குறுகிய திறப்பான ஹேட்ச்சும் எங்களுக்குக் கஷ்டம். விளக்கு அணைந்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏணி எந்தப் பக்கம் என்றே தெரியாமல், மேலேயிருந்து தண்ணீர் கொட்டினால்? அன்று பழைய குக்ரியிலிருந்து பிழைத்தவர்கள் 67 பேர்தான். ஐ.என்.எஸ். கட்சால் மறுநாள் வந்து அவர்களைத் தூக்கும்வரை கடலில் மிதந்தார்கள்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு, டிசம்பர் 9 அன்று கடலில் மலர்வளையம் விடும்போது நான் கேப்டனோடு சேர்த்து என்னைப் போன்ற வேலைக்காரர்களையும் நினைப்பேன். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். வீட்டுக்கு உடல்கூட வரவில்லை.

எங்கள் குக்ரி 2021 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. அப்புறம் அருங்காட்சியகமாக்குவதற்காக டையூவிடம் ஒப்படைத்தார்கள். பழைய குக்ரியின் மாதிரியைக் கண்ணாடிக்குள் வைத்த நினைவிடமும் அதே ஊரில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. டையூ போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். கப்பலில் மேலே, கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜோடு திரும்பிவிடாதீர்கள். கீழே விடுகிறார்கள் என்றால் என்ஜின் ரூம்வரை இறங்குங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.