பூமிக்குள் போன அப்பாவின் கரிமூட்டை

ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் வீடு என்றால் ஜனவரியில் விடிகாலைப் புல்வெளி உறைபனியில் உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் அதன் மேல் நின்று, கிளம்ப மறுக்கும் பைக்கை உதைத்துக்கொண்டிருப்போம்.

அப்பாவுக்கு இந்தக் குளிருக்கு ஒரே மருந்துதான், கரி அடுப்பு. அதைப் படுக்கையறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரையும் திணித்துவிட்டுத்தான் தூங்குவார். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, தூங்குகிற ஆள் அப்படியே போய்விடலாம் என்று சொன்னால், “நாப்பது வருஷமா போகலையே” என்பார். இதற்கு என்ன பதில் சொல்ல? கரிமூட்டையைக் கொல்லைக் கொட்டகையில் ஒளித்துவைத்துவிட்டு, சுவரில் மாட்டுகிற 2000 வாட்ஸ் ஹீட்டர் ஒன்றும், அறையின் சூட்டைப் பார்த்து அதை ஆன் செய்து ஆஃப் செய்ய ஒரு தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன்.

வயரிங் அப்புறம் பார்க்கலாம், ஒரு ராத்திரிதானே என்று டிவிக்குப் பின்னாலிருந்த 5 ஆம்ப்ஸ் பாயின்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஹீட்டரைச் செருகினேன். இருபது நிமிடம் சொர்க்கம். அப்புறம் அம்மா மூக்கை உறிஞ்சி, “யாருடா கருவாடு சுடறது?” என்றாள். வீட்டில் கருவாடு வாங்கி நாலு மாதம் ஆகிறது. போய்ப் பார்த்தால் பிளக் பாயின்ட் உருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் கேத்தியிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். உருகின பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, 2000 வாட்ஸை வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டால வகுங்க, எத்தன ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு தெரியும்” என்றார்.

“8.7 வருதுங்கண்ணா.”

“பாயின்ட் எத்தன ஆம்ப்ஸ்?”

“அஞ்சு.”

“அப்ப கருவாடு வாசம் வரத்தான் செய்யும்.”

அதற்கு முன்னாலேயே ஃப்யூஸ் போயிருக்க வேண்டுமே என்று மெயின் போர்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஃப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துணி காயப்போடுகிற அளவுக்குத் தடிமனாக ஒரு செப்புக் கம்பி. “அடிக்கடி போய்ட்டே இருந்துச்சு, அதான் கொஞ்சம் தெம்பா போட்டேன்” என்றார் அப்பா, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

அடுத்து மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றினார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை, அது வெறும் அழகுக்கு. எர்த் குழி தோண்ட வேண்டும், உப்பும் கரியும் வேண்டும் என்றார். கரி! நான் கொட்டகைக்கு ஓடினேன். அப்பாவின் கரிமூட்டை அவர் கண் முன்னாலேயே அடுக்கடுக்காக உப்போடு மண்ணுக்குள் போனது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற நாளில்கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

மெயினை ஆஃப் செய்த பிறகும் அண்ணன் எதையும் சும்மா தொடவில்லை. ஆஃப் செய்யும் முன்பே கரண்ட் இருக்கிற பாயின்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். “டெஸ்டர் செத்திருந்தா, நாம உயிரோட இருக்கறதும் சந்தேகம்தான்.” ஹீட்டருக்கென்று தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் தடிமனில் வயர், சுமை மீறினால் தானே விழுகிற 16 ஆம்ப்ஸ் எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி எல்லாம் போட்டார்.

தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். அதன் முதுகில் 3 ஆம்ப்ஸ் என்றிருந்தது. ஹீட்டரின் சுமையை இதன் தலையில் ஏற்றினால் உள்ளே பொசுங்கிவிடுமாம். அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது சின்ன கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச். தெர்மோஸ்டாட் அதற்குக் கண் காட்டும், சுமையை அது தூக்கும், எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மாதிரி. வெட்டுவது கரண்ட் வருகிற பேஸ் வயராக இருக்க வேண்டும், திரும்பிப் போகிற நியூட்ரலாக இருக்கக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். நியூட்ரலை வெட்டினால் ஹீட்டர் ஆறிக்கிடக்கும், ஆனால் உள்ளே கரண்ட் உட்கார்ந்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டை மாட்ட, வயர் மிச்சமாகும் என்று சமையலறைச் சுவரைக் காட்டினேன். தோசைக்கல் சூட்டை ஹால் சூடு என்று நம்பிவிடும் என்று மறுத்து, ஜன்னலும் ஹீட்டரும் தள்ளியிருக்கிற உள்சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டி, 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆனது. சாயங்காலமானால் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அப்பா கோயிலுக்குப் போனால் நிற்காமல் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று அண்ணனை மறுபடி வரவழைத்தேன். அவர் மிக்சரைக் கொறித்தபடி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்பாவ டீயை வேற எங்கயாச்சும் நின்னு குடிக்கச் சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தேன். அப்பா மங்கி குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக, ஆவி பறக்கிற டம்ளரைத் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே பிடித்தபடி நின்றிருந்தார். “மணிக்கு ரெண்டு யூனிட்டுடா! ரெண்டு மாசத்துக்கு ஓசியில வர்ற 100 யூனிட்டும் அம்பது மணி நேரத்துல காலி. 1932லயே பைக்காராவுல கரண்ட் எடுத்த ஊருல நாம பில்லு கட்டிச் சாகணுமா?”

“இவரு கோயிலுக்குப் போனா நான் அந்தச் சுவத்துக்கிட்ட இருக்கற கதவை ஒருக்களிச்சு வெப்பேன். குளிர் காத்து பட்டா அது பாட்டுக்கு ஓடும்” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அண்ணன் வந்துபோன கூலியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். அப்பா வாசல் வரைக்கும் போய் அவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “குழிக்குப் போட்டது போக அரை மூட்டை மிச்சம் இருந்துச்சே... அத எங்க வெச்சாங்கன்னு பாத்தீங்களா?”