பெயர்ப்பட்டைகளோடு ஒரு பருவம்

2022ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிறு நகரத்துத் தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணியில், உபகரணப் பொறுப்பாளரின் உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்குத் தரப்பட்ட முதல் வேலை ஒரு ஜேர்சியின் முதுகிலிருந்து ஒருவரின் பெயரைப் பிரித்தெடுப்பது. பெயரை ஜேர்சியில் நேரே பதிப்பதில்லை. தனியான துணிப்பட்டை ஒன்றில் எழுத்துகளைப் பதித்து, அந்தப் பட்டையைத் தோள்களுக்கு நடுவே வைத்துத் தைப்பார்கள். ஆள் போய்விட்டால் பட்டையை எடுத்துவிட்டு அடுத்தவருடையதைத் தைத்துக்கொள்ளலாம். கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், என் அம்மா ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்காகத் துண்டுக் கணக்கில் பல வருடங்கள் தைத்தவர். "நூலைப் பிடிச்சு இழுக்காதை பிள்ளை, நாலு தையலுக்கு ஒண்டு வெட்டு, மற்றது தானாய் வரும்" என்று அவர் சிறுவயதில் சொல்லித்தந்தது அந்த முதல் நாளிலேயே கைகொடுத்தது. பட்டை துணியை நோகாமல் கழன்று வந்தது. ஆனாலும் ஊசி போய்வந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரே ஜேர்சியில் மூன்று, நான்கு வரிசைத் துளைகள் இருப்பதைப் பின்னர் பல தடவை பார்த்தேன்.

நாங்கள் ஆடியது ஈசிஎச்எல் என்ற லீக்கில். 1988இல் ஐந்து அணிகளோடு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தொடங்கிய அந்த லீக்கில் நான் சேர்ந்த பருவத்தில் 28 அணிகள் இருந்தன. வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்எச்எல் உச்சியில் இருக்கிறது, அதற்குக் கீழே ஏஎச்எல், அதற்கும் கீழே நாங்கள். மேலே உள்ள அணிகள் தங்களிடம் ஒப்பந்தமான இளம் வீரர்களை விளையாடிப் பழக எங்களிடம் அனுப்பிவைக்கும், தேவைப்படும்போது திரும்ப அழைத்துக்கொள்ளும். மற்ற வீரர்கள் எங்கள் கழகத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவர்கள். அவர்களுக்கு வாரச் சம்பளமாகச் சில நூறு டொலர்களும் கழகம் ஏற்பாடு செய்யும் வீடும் கிடைக்கும். பருவம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். 2007-08 பருவத்தில் இதே லீக்கில் ரெடிங் ரோயல்ஸ் அணியின் கோலைக் காத்த ஜொனத்தன் குயிக், 2012இல் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஓஃப் எனப்படும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். அந்தக் கதை எங்கள் உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அது தெரிந்தும் ஒருவர்கூடப் பயிற்சியில் தளர்ந்ததை நான் காணவில்லை. அந்த வீரர்கள்மீது எனக்கு இன்றும் குறையாத மதிப்பு அதனால்தான் வந்தது.

என் நாளின் பெரும்பகுதி, ஸ்கேட் எனப்படும் பனிச்சறுக்குச் சப்பாத்தின் இரும்பைத் தீட்டும் இயந்திரத்தின் முன்னால் கழிந்தது. ஸ்கேட்டின் இரும்பு கத்தியைப் போல ஒற்றை முனை கொண்டதல்ல. அதன் அடிப்பகுதி நீளவாட்டில் குழிவாகக் கடையப்பட்டிருக்கும், அந்தக் குழிவின் இரு கரைகளே பனியைக் கவ்வும் விளிம்புகள். குழிவின் வளைவை ஒரு வட்டத்தின் ஆரமாக அங்குலத்தில் சொல்வார்கள். அரை அங்குலம் என்றால் குழிவு ஆழமாக இருக்கும், விளிம்பு பனியை இறுகப் பிடிக்கும். ஓரங்குலம் என்றால் குழிவு ஆழமில்லாமல் இருக்கும், பிடிப்புக் குறைந்து வழுக்கல் கூடும். வேகமாக வெட்டித் திரும்பும் ஒருவர் அரை அங்குலம் கேட்பார், உடல் கனத்த இன்னொருவர் எட்டில் ஐந்து பங்கு போதும் என்பார். பனி மென்மையாக இருக்கும் அரங்குக்குப் போகிறோம் என்று தெரிந்தால் சிலர் முந்தைய நாளே வந்து மாற்றச் சொல்வார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் விருப்பங்களைப் பொறுப்பாளர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். ஒரு மாதத்தில் எனக்கு அந்தக் குறிப்பேடு தேவைப்படவில்லை.

டிசம்பரில் நான் ஒரு பிழை செய்தேன். ஒரு முன்வரிசை வீரரின் இடது ஸ்கேட்டைத் தீட்டும்போது இரும்பு இயந்திரத்தின் பிடியில் மயிரிழை அளவு சாய்ந்திருந்திருக்கிறது. இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று அளவுகோலை வைத்துப் பார்க்கும் வழக்கத்தை அன்று அவசரத்தில் தவிர்த்துவிட்டேன். முதல் பகுதி ஆட்டத்திலேயே, எவரும் மோதாமல், திரும்பும் இடத்தில் அவர் விழுந்தார். அந்தப் பக்கம் திறந்துபோக, எதிரணி கோல் அடித்தது. இருக்கைக்குத் திரும்பி அவர் ஒன்றும் பேசாமல் காலை என் பக்கம் நீட்டினார். நானும் பேசாமல் இரும்பைக் கழற்றி, தீட்டி ஆயத்தமாக வைத்திருந்த வேறு இரும்பைப் பூட்டினேன். அன்றிரவு பொறுப்பாளர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: அவர்கள் தங்கள் கால்களை நம்மை நம்பித்தான் பனியில் வைக்கிறார்கள். அதன் பிறகு பருவம் முடியும் வரை அளவுகோல் வைக்காமல் ஒரு ஸ்கேட்டையும் நான் கையைவிட்டு அனுப்பவில்லை.

ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை 72 ஆட்டங்கள். பல வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாட்களும் தொடர்ந்து ஆட வேண்டியிருக்கும், அதுவும் சில வேளைகளில் மூன்று நகரங்களில். வெள்ளி இரவு டொலிடோவில் ஆட்டம் முடிந்தால், வியர்வையில் நனைந்த கவசங்களை எல்லாம் பைகளில் அடைத்து, தையல் மெஷினையும் தீட்டும் இயந்திரத்தையும் பஸ்ஸின் வயிற்றில் ஏற்றி, நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு விடியுமுன் வீலிங் போய்ச் சேருவோம். வீரர்கள் விடுதிக்குத் தூங்கப் போவார்கள். நாங்கள் இருவரும் அரங்குக்குப் போய், ஒவ்வொருவரின் கையுறை, தோள் கவசம், ஸ்கேட் ஆகியவற்றைக் கொளுவியில் மாட்டி, மின்விசிறிகளைத் திருப்பிவைத்து, உள்ளுடுப்புகளைத் துவைக்கப் போடுவோம். ஈரம் காயாத கையுறையைப் போட்டுக்கொண்டு ஒருவர் அடுத்த ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பொறுப்பாளருக்கு ஒரு விரதம் போல இருந்தது. பக்கு எனப்படும், ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டுகளைக் குளிர்பெட்டியில் உறையவைக்கும் வேலை சொந்த அரங்கில் ஆடும் அணியுடையது என்பதால், வெளியூரில் அந்த ஒன்றாவது மிச்சம். உறையாத ரப்பர் பனியில் துள்ளும், உறைந்தது படிந்து ஓடும்.

மேலிருந்து அழைப்பு வருவது பெரும்பாலும் இப்படியான பயணங்களின் நடுவில்தான். ஜனவரியில் ஒரு காலை, பயிற்சியாளர் உடைமாற்றும் அறைக்குள் வந்து ஒரு இளைஞனின் தோளைத் தொட்டார். அரை மணி நேரத்தில் அவனுடைய பையும் ஆறு மட்டைகளும் வாசலில் இருந்தன. அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். அந்த மகிழ்ச்சியில் கலப்படம் இல்லை. அவன் போன பிறகு அறையில் நீண்ட நேரம் எவரும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று மாலையே அவன் ஜேர்சியின் பட்டையைப் பிரித்தேன். மூன்று வாரத்தில் அவன் திரும்பி வந்தபோது, பெயரை வேறு எண்ணில் தைக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அவனுடைய எண்ணை அதற்குள் இன்னொருவர் அணிந்திருந்தார்.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. பருவம் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களை எட்டிவிட்டவர் மூத்த வீரர் ஆகிவிடுவார், கோல் காப்பாளர்கள் நீங்கலாக அப்படிப்பட்டவர்கள் ஓர் அணியில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது. இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த விதி அது, அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் 193 ஆட்டங்களோடு அந்தப் பருவத்துக்குள் வந்திருந்தார். காயமின்றி ஆடினால் ஏப்ரலில் 260ஐக் கடந்துவிடுவார், எங்களிடம் ஏற்கெனவே நான்கு மூத்தவர்கள் இருந்தார்கள். ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் அடுத்த ஆண்டு அவருக்குரிய இடத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தது.

மார்ச் நடுவில், 253ஆவது ஆட்டத்தில், எதிரணியினர் அடித்த பக்கைக் காலால் தடுத்தார். கணுக்காலுக்குக் கீழே முட்டையளவு வீக்கம். மீதமிருந்தவை 12 ஆட்டங்கள், பிளேஓஃபுக்குப் போகும் வாய்ப்பும் எங்களுக்கு இல்லாமல் போயிருந்தது. அவர் அந்த 12க்கும் உட்கார்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், 260க்குக் கீழேயே நின்றுமிருப்பார். இரண்டு ஆட்டங்களைத்தான் தவறவிட்டார். மூன்றாவது நாள் ஸ்கேட்டோடு என்னிடம் வந்து, வீக்கம் உள்ள இடத்தில் மையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். ஸ்கேட்டைச் சூடாக்கி, அந்த வட்டத்தை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுத்திப் புடைக்கவைத்து, மேலே ஒரு பிளாஸ்ரிக் கவசத்தைப் பூட்டிக் கொடுத்தேன். காலை நுழைத்தபோது அவர் முகம் இறுகியது, பிறகு தளர்ந்தது. கடைசி ஆட்டம் அவருடைய 263ஆவது.

ஏப்ரலில் எல்லோரும் பைகளைக் கட்டிய நாளில், நான் ஜேர்சிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஸ்கேட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தன் ஊரில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவதாகச் சொன்னார். பருவம் முழுவதும் அவருக்கு நான் தீட்டியது அரை அங்குலம். கை பழக்கத்தில் இயந்திரத்தை அதற்கே திருப்பினேன். அவர் தலையை அசைத்து, இனி ஓரங்குலம் போதும் என்றார். நான் அளவை மாற்றி, மெதுவாகத் தீட்டி, அளவுகோலை வைத்துப் பார்த்து, தோல் துண்டு ஒன்றில் துடைத்துக் கொடுத்தேன்.